ஐரோப்பியச் சிறைகளில் ஸ்திரீகள்

உப்பைத் தின்றவன் தண்ணீர் குடித்தே ஆகவேண்டும் என்பது நம் நாட்டுப் பழமொழி. குற்றம் செய்தவன் அதன் பலனை அனுபவிக்க வேண்டும் என்பது அதன் தாத்பரியம். சமீபத்தில் நம் வகுப்பில் ஐரோப்பிய சரித்திரப் பாடம் நடந்துகொண்டிருந்தபோது, சிறைச்சாலைகளைச் சீர்திருத்தப் பாடுபட்ட பெரியோர்களைப் பற்றிச் சொல்ல நேர்ந்தது. கடைசிப் பெஞ்சியிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். "திருடினவர்களுக்கும் கொலை செய்தவர்களுக்கும் உரிமை என்ன வேண்டிக் கிடக்கிறது? உப்பைத் தின்றவர்கள் தண்ணீர் குடிக்கட்டுமே!" என்றாள். வகுப்பு முழுவதும் சிரித்தது, நாமும் சிரித்தோம். ஆயினும், மணி அடித்து வீடு திரும்பிய பிறகும் அந்தக் கேள்வி நம்மை விட்டபாடில்லை. பாடப் புத்தகத்தில் உள்ள இரண்டு வரிப் பதில் அந்தப் பெண்ணுக்குப் போதாது என்று பட்டது. அவளைப் போலவே எண்ணும் பெரியவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள் என்பதும் நினைவுக்கு வந்தது. ஆகவே, அவளுக்குச் சொல்லவேண்டிய பதிலை நேயர்கள் முன்னிலையில் சற்று விரிவாகவே சொல்ல முற்படுகிறோம்.

ஷெரீப் கண்ட காட்சி

1773-ம் வருஷத்தில் இங்கிலாந்தில் பெட்போர்டு ஜில்லாவுக்கு ஜான் ஹோவர்டு என்பவர் ஷெரீபாக நியமனம் பெற்றார். அந்தப் பதவியில் இருந்தவர்கள் சிறைச்சாலைக்குள் எட்டிப் பார்ப்பது வழக்கமில்லை. ஹோவர்டு பார்த்தார். கண்ட காட்சி அவரைத் திடுக்கிட வைத்தது. 'குற்றவாளி அல்ல' என்று நீதிமன்றம் விடுதலை செய்த மனிதர்களும் சிறைக்குள்ளேயே கிடந்தார்கள். காரணம் என்ன? அக்காலத்துச் சிறை அதிகாரிக்குச் சர்க்கார் சம்பளம் கிடையாது. கைதிகளிடம் வசூலிக்கும் கட்டணமே அவருக்கு வருமானம். அந்தக் கட்டணத்தைச் செலுத்த வகையற்றவர்கள் நிரபராதிகளாயிருந்தும் வெளியே வர முடியவில்லை.

இது நம் ஜில்லாவில் மட்டும் உள்ள அக்கிரமமா, அல்லது எங்கும் இப்படித்தானா என்று அறிய விரும்பிய ஹோவர்டு, குதிரை மீது ஏறிப் புறப்பட்டார். இங்கிலாந்து முழுவதும் சுற்றி, பின்னர் ஐரோப்பாக் கண்டத்திலும் ஊர் ஊராகச் சென்றார். தாம் கண்டதையெல்லாம் 1777-ல் புத்தகமாக வெளியிட்டார். தூக்குமரத்தில் மாண்டவர்களைக் காட்டிலும் சிறைக் காய்ச்சலில் மாண்டவர்கள் அதிகம் என்பதை அவர் எடுத்துக் காட்டினார். கடைசியில் 1790-ல், இன்று உக்ரேன் நாட்டில் உள்ள கெர்சோன் நகரத்தில், அத்தகைய ஒரு காய்ச்சலுக்கே அவரும் பலியானார்.

நியூகேட்டில் ஒரு தாய்

ஹோவர்டு மறைந்து இருபது வருஷங்களுக்குப் பிறகும் லண்டனில் நியூகேட் சிறைச்சாலை நரகமாகவே இருந்தது. 1813-ம் வருஷத்துக் குளிர் காலத்தில் எலிஸபெத் பிரை என்ற மாது அதன் பெண்கள் பகுதிக்குள் நுழைந்தாள். அவள் செல்வக் குடும்பத்தில் பிறந்தவள். 'க்வேக்கர்' என்னும் கிறிஸ்தவ சமயக் கூட்டத்தைச் சேர்ந்தவள். பல குழந்தைகளுக்குத் தாய். சுமார் முந்நூறு பெண்களும் அவர்களுடைய குழந்தைகளும் நெருக்கி அடைக்கப்பட்டிருந்ததை அவள் கண்டாள். விசாரணைக்காகக் காத்திருந்தவளும், சில்லறைத் திருட்டுக்காக வந்தவளும், தூக்குத் தண்டனை பெற்றவளும் ஒன்றாகவே கிடந்தார்கள். சமையல், சலவை, தூக்கம் எல்லாம் ஒரே இடத்தில். வெறுந்தரையில் பச்சைக் குழந்தைகள் துணியில்லாமல் நடுங்கிக்கொண்டிருந்தன. முதல் தடவை அவள் கொண்டு சென்றது, அந்தக் குழந்தைகளுக்கு வேண்டிய துணிமணிகளைத்தான்.

மூன்று வருஷங்களுக்குப் பிறகு எலிஸபெத் மறுபடியும் அங்கே சென்றாள். இம்முறை அவள் உபதேசம் செய்யவில்லை. ஒரு குழந்தையைக் கையில் எடுத்துக்கொண்டு, "இந்தக் குழந்தைகளுக்காக நாம் ஏதாவது செய்ய வேண்டாமா?" என்ற கருத்துப்படப் பேசினாள். அவ்வளவுதான், அதுவரை ஒருவரோடொருவர் சண்டையிட்டுக்கொண்டிருந்த பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். சிறைக்குள்ளேயே ஒரு பள்ளிக்கூடம் ஏற்பட்டது. அதற்கு உபாத்தியாயினி யார் தெரியுமா? கைதிகளுள் ஒருத்தியே! 1817-ல், நியூகேட் பெண்களின் முன்னேற்றத்துக்காக எலிஸபெத்தும் அவள் தோழிகளும் ஒரு சங்கம் அமைத்தார்கள். தையல் வேலையும் படிப்பும் தொடங்கின. சிறைக்குரிய விதிகளை எலிஸபெத் ஒவ்வொன்றாகப் படித்தாள். கைதிகள் கை தூக்கி ஒப்புக்கொண்ட பிறகே ஒவ்வொரு விதியும் அமுலுக்கு வந்தது.

உபாத்தியாயத் தொழிலில் உள்ள நமக்கு இந்தச் சிறு செய்தி பெரிய வியப்பை அளித்தது. பிரிட்டனில் எந்த ஸ்திரீக்கும் பார்லிமெண்டு வோட்டு இல்லாத காலம் அது. அந்தக் காலத்தில், சிறைக்குள் இருந்த பெண்களின் சம்மதத்தை ஒருத்தி கேட்டு வாங்கியிருக்கிறாள். மிருகங்களைப் போல் அடைபட்டிருந்தவர்கள், தங்களை மனிதராக மதித்துக் கேட்டவுடனே மனிதராக நடந்துகொண்டார்கள்.

1818-ல் காமன்ஸ் சபையின் கமிட்டி முன்பாக எலிஸபெத் பிரை சாட்சியம் அளித்தாள். 1823-ல் ராபர்ட் பீல் மந்திரியாக இருந்தபோது நிறைவேறிய சிறைச் சட்டம், பெண் கைதிகளைப் பெண் காவலர்களே கண்காணிக்க வேண்டும் என்று விதித்தது. ஆனால், சட்டம் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்கும் இன்ஸ்பெக்டர்கள் 1835-ம் வருஷம் வரையில் நியமிக்கப்படவில்லை. நல்ல சட்டம் காகிதத்தில் இருக்க, பழைய வழக்கம் சிறையில் இருந்தது. இந்தக் கதை பின்னரும் திரும்பத் திரும்ப வருவதை நேயர்கள் காண்பார்கள்.

ராஜப்பிரதிநிதியின் மகள்

சுமார் நூறு வருஷங்கள் சென்றன. லண்டனில் ஹாலோவே சிறை 1903 முதல் பெண்களுக்கென்றே ஒதுக்கப்பட்டது. வோட்டுரிமைக்காகப் போராடிய நூற்றுக்கணக்கான ஸ்திரீகள் அதற்குள் சென்றார்கள். 1909 ஜூலையில் மரியன் வாலஸ் டன்லப் என்ற சித்திரக்காரி, தன்னை அரசியற் கைதியாக நடத்த வேண்டும் என்று கோரி 91 மணி நேரம் உண்ணாவிரதம் இருந்து விடுதலை பெற்றாள். அவளைப் பின்பற்றி மற்றவர்களும் உண்ணாவிரதம் தொடங்கவே, சர்க்கார் வேறு உபாயத்தைக் கையாண்டது. கைதியைப் பலர் அமுக்கிப் பிடித்துக்கொள்ள, மூக்கு வழியாகவோ வாய் வழியாகவோ ரப்பர்க் குழாயைச் செலுத்தி ஆகாரத்தை உள்ளே ஊற்றினார்கள்.

அந்தப் பெண்களுள் கான்ஸ்டன்ஸ் லிட்டன் என்பவளின் வரலாறு நமக்கு விசேஷ சிரத்தை அளிக்கத்தக்கது. இவளுடைய தகப்பனார் 1876 முதல் 1880 வரை இந்தியாவின் ராஜப்பிரதிநிதியாக இருந்த லிட்டன் பிரபு. தென்னாட்டில் தாது வருஷத்துப் பஞ்சத்தில் ஜனங்கள் மடிந்துகொண்டிருந்தபோது டில்லியில் தர்பார் நடத்தியவரும், 1878-ல் இந்திய மொழிப் பத்திரிகைகளுக்கு வாய்ப்பூட்டுச் சட்டம் போட்டவரும் அவரே. அவருடைய மகள் கல்லெறிந்து சிறை சென்றாள்!

1909-ல் நியூகாஸில் நகரத்தில் அவள் கைதானாள். உயர்குலப் பெண் என்பது தெரிந்ததும் டாக்டர்கள் அவளுடைய இருதயத்தை ஜாக்கிரதையாகப் பரிசோதித்து, பலவீனம் என்று கண்டு விடுவித்துவிட்டார்கள். ஏழைப் பெண்ணுக்கும் இதே மரியாதை கிடைக்குமா என்ற சந்தேகம் அவளுக்கு உண்டாயிற்று. 1910 ஜனவரியில் தலைமயிரைக் கத்தரித்துக்கொண்டு, மட்டமான உடை தரித்து, 'ஜேன் வார்ட்டன், தையற்காரி' என்று பெயர் சொல்லி லிவர்பூலில் கைதானாள். உண்ணாவிரதம் இருந்த தையற்காரியின் இருதயத்தை முன்கூட்டிச் சோதிக்காமலே குழாயைச் செலுத்தினார்கள். உண்மையில் இவள் யார் என்று வெளியான பிறகுதான் விடுதலை கிடைத்தது. 1912-ல் பக்கவாதம் கண்டு அவளுடைய வலது கை செயலற்றுப் போயிற்று. இடது கையால் எழுதியே தன் சிறை அனுபவங்களை 1914-ல் புத்தகமாக வெளியிட்டாள். 1923-ல் காலமானாள்.

சிறையில் கிடைப்பது உரிமையா, தயவா என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான பரீட்சை வேறு இருக்க முடியாது. பிரபுவின் மகளுக்குக் கிடைத்தது தையற்காரிக்குக் கிடைக்கவில்லை என்றால், கிடைத்தது உரிமை ஆகாது, வெறும் தயவுதான். உரிமை என்பது ஆளைப் பார்த்து மாறாதது.

சட்டங்கள் பிறந்த விதம்

இதன் பிறகு ஐரோப்பா இதைவிடப் பெரிய பாதகங்களைக் கண்டது. 1939-ல் பெர்லினுக்கு வடக்கே ராவன்ஸ்புரூக் என்ற இடத்தில் நாஜிகள் பெண்களுக்கென்று ஒரு முகாம் அமைத்தார்கள். 1945-ல் விடுவிக்கப்படும் வரையில் அங்கே ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட பெண்கள் அடைபட்டார்கள்; பல்லாயிரவர் மாண்டார்கள். மனிதனை அடைத்துவைக்கும் அதிகாரத்துக்கு எல்லை இல்லாவிட்டால் என்ன நேரும் என்பதை ஐரோப்பியர் தங்கள் வீட்டு வாசலிலேயே கண்டு அறிந்தார்கள்.

அந்த அநுபவத்தின் பயனாக 1950-ல் ரோமாபுரியில் மனித உரிமை ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அதன் மூன்றாவது ஷரத்து, எவரையும் சித்திரவதை செய்யலாகாது, மனிதத் தன்மையற்ற முறையிலோ இழிவுபடுத்தும் முறையிலோ நடத்தலாகாது என்கிறது. இதற்கு விதிவிலக்கே கிடையாது; யுத்த காலத்திலும் கிடையாது. மீறினால் பிரான்ஸில் ஸ்ட்ராஸ்பர்க் நகரத்திலுள்ள நீதிமன்றத்தில் கைதியே தன் சர்க்காரின் மீது வழக்குத் தொடரலாம். 1987-ல் செய்துகொண்ட மற்றோர் ஒப்பந்தத்தின்படி ஒரு கமிட்டி ஏற்பட்டது. அதன் அங்கத்தினர்கள் முன்கூட்டி நாள் குறிப்பிடாமலே எந்தச் சிறைக்குள்ளும் சென்று, கைதிகளோடு தனிமையில் பேசலாம்.

2006-ல் புதுப்பித்து எழுதப்பட்ட ஐரோப்பியச் சிறை விதிகள் ஒரு மூல தத்துவத்தைக் கூறுகின்றன: தீர்ப்பினால் சட்டப்படி பறிக்கப்படாத உரிமைகள் எல்லாம் கைதியிடமே எஞ்சி நிற்கும். நீதிபதி விதித்தது சுதந்திர இழப்பு. நோய்க்கு மருந்தின்மையையோ, பசியையோ, அவமானத்தையோ அவர் விதிக்கவில்லை. அவர் விதிக்காத தண்டனையைக் காவலர் கூட்டிக்கொடுக்க அதிகாரமில்லை.

பெண்களுக்கென்றே தனி விதிகளை ஐக்கிய நாடுகளின் பொதுச்சபை 2010-ல் ஏற்றுக்கொண்டது. தாய்லாந்தின் முயற்சியால் பிறந்ததால் இவை பாங்காக் விதிகள் எனப் பெயர் பெற்றன. மொத்தம் 70 விதிகள். பெண்ணைப் பெண்தான் சோதனை போட வேண்டும். மாதவிலக்குக் காலத்துக்கு வேண்டிய துணிகளை இலவசமாகக் கொடுக்க வேண்டும். கூடியமட்டும் வீட்டுக்கு அருகிலுள்ள சிறையில் வைக்க வேண்டும். பிரசவத்தின்போது விலங்கு பூட்டவே கூடாது. தாயோடு இருக்கும் குழந்தையை ஒரு நாளும் கைதியாக நடத்தக் கூடாது. வீட்டிலுள்ள பாட்டிமார்கள் இவற்றைப் படித்தால், "இதற்கெல்லாம் சட்டம் வேறு வேண்டுமா?" என்று கேட்பார்கள். வேண்டியிருந்தது என்பதுதான் துக்கமான செய்தி.

மணி அடித்தும் வராத உதவி

1996-ல் ஹாலோவே சிறையிலிருந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லப்பட்ட ஒரு கர்ப்பிணி, பிரசவ வேதனையின்போதும் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததை டெலிவிஷன் படம் பிடித்துக் காட்டியது. தேசம் முழுவதும் கண்டனம் எழுந்த பிறகே சர்க்கார் அந்த வழக்கத்தைக் கைவிட்டது.

2012-ல் உக்ரேனில் கார்கீவ் நகரத்தில் ஓர் இளம்பெண் விசாரணைக் கைதியாக இருந்தாள். பிரசவத்துக்காக ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்ட அவளைக் கட்டிலோடு விலங்கிட்டு வைத்தார்கள். பிறகு வழக்கு விசாரணையின்போது அவளை இரும்புக் கூண்டுக்குள் நிறுத்தினார்கள். கூண்டிலிருந்து, பிரசவமாகிய பெண் எங்கே ஓடுவாள்? 2016-ல் ஸ்ட்ராஸ்பர்க் நீதிமன்றம், இது மூன்றாவது ஷரத்தை மீறிய செயல் என்று தீர்ப்பளித்தது.

2019 செப்டம்பரில் நடந்த சம்பவத்தை எழுதவே கை கூசுகிறது. லண்டனுக்கு அருகிலுள்ள பிரான்ஸ்பீல்டு, ஐரோப்பாவின் பெரிய பெண்கள் சிறைகளுள் ஒன்று. அங்கே பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தி விசாரணைக் கைதியாக இருந்தாள். அதாவது, குற்றவாளி என்று எந்த நீதிமன்றமும் அவளை அதுவரை தீர்மானிக்கவில்லை. இரவில் வலி கண்டது. அறையிலிருந்த மணியை அடித்து உதவி கேட்டாள். உதவி வரவில்லை. பூட்டிய அறைக்குள் தன்னந்தனியாகப் பிரசவித்தாள். மறுநாள் காலையில் மற்றக் கைதிகள் சொன்ன பிறகே காவலர்களுக்கு விஷயம் தெரிந்தது. குழந்தை உயிரோடு இல்லை. 2021-ல் சிறைகளின் விசாரணை அதிகாரி இதைப் பற்றி வெளியிட்ட அறிக்கை, அவளுக்குச் செய்யவேண்டிய பராமரிப்பில் நேர்ந்த குறைகளை வரிசையாகக் கூறுகிறது.

அந்த நாட்டில் சட்டத்துக்குக் குறைவில்லை, பணத்துக்கும் குறைவில்லை. மணி அடித்தால் எழுந்து வர ஓர் ஆள் இல்லை.

ஆண்களுக்காகக் கட்டிய வீடு

இத்தகைய சம்பவங்கள் ஏன் நிகழ்கின்றன? ஐரோப்பியச் சிறைகளில் உள்ளவர்களில் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில்தான் பெண்கள். தொகை சிறிது, ஆகவே கவனமும் சிறிது. கட்டடம், காவல், வைத்தியம், வேலை எல்லாம் ஆண் கைதியை மனத்தில் வைத்தே ஏற்பட்டவை. பெண்கள் சிறைகள் சிலவே இருப்பதால், தண்டனை பெற்றவள் வீட்டிலிருந்து நெடுந்தூரம் செல்ல நேர்கிறது. வேல்ஸ் நாட்டில் பெண்களுக்கென்று ஒரு சிறையும் இல்லை; அந்நாட்டுப் பெண்கள் இங்கிலாந்துக்கு அனுப்பப்படுகிறார்கள். ஆண் சிறை சென்றால் பெரும்பாலும் குழந்தைகளை மனைவி பார்த்துக்கொள்கிறாள். பெண் சிறை சென்றால் வீடே கலைந்துபோகிறது. சில வாரத் தண்டனைக்குள் வாடகை வீடு போய்விடும். குழந்தை வேறொருவர் வசம் போய்விடும்.

குழந்தையை என்ன செய்வது என்பதில் நாட்டுக்கு நாடு வழக்கம் மாறுகிறது. ஸ்பெயினில் மூன்று வயது வரை குழந்தை தாயோடு சிறையில் இருக்கலாம். நார்வேயில் குழந்தைகளைச் சிறையில் வைப்பதே இல்லை. இத்தாலியில் 2011-ம் வருஷத்துச் சட்டம், ஆறு வயது வரையுள்ள குழந்தைகளோடு தாய்மார்கள் தங்குவதற்குச் சிறைச் சாயல் குறைந்த விசேஷ இல்லங்களை ஏற்படுத்தியது. ஆனால் அதே இத்தாலியில் 2025-ல் நேர்ந்த மாறுதலைக் கவனிக்க வேண்டும். கர்ப்பிணிக்கு விதித்த தண்டனையை ஒத்திவைத்தே தீரவேண்டும் என்பது, முஸோலினி ஆட்சியில் 1930-ல் இயற்றிய தண்டனைச் சட்டத்திலேயே இருந்தது. 2025-ம் வருஷத்துப் பாதுகாப்புச் சட்டம், ஒத்திவைப்பதும் வைக்காததும் நீதிபதியின் இஷ்டம் என்று மாற்றிவிட்டது. சர்வாதிகாரி காலத்தில் கட்டாயமாக இருந்தது, ஜனநாயக காலத்தில் இஷ்டமாகிவிட்டது! பெற்ற உரிமை தானே நிலைத்து நிற்கும் என்று எண்ணி யாரும் தூங்கிவிடக் கூடாது.

நம்பிக்கை தரும் முயற்சிகளும் இல்லாமலில்லை. இங்கிலாந்தில் ஸ்டையல் சிறையில் ஒரு வருஷ காலத்துக்குள் ஆறு பெண்கள் மாண்டதையொட்டி ஜீன் கார்ஸ்டன் என்ற அம்மையார் விசாரணை நடத்தி, 2007-ல் அறிக்கை சமர்ப்பித்தார். பெரிய சிறைகளை ஒழித்து, ஊருக்கு அருகே சிறிய இல்லங்களை அமைக்க வேண்டும் என்பது அவருடைய முக்கியமான சிபார்சு. இங்கிலாந்து அதைப் பெரும்பாலும் அலமாரியில் வைத்தது. ஸ்காட்லாந்தில், அங்கே 2012-ல் வெளியான வேறோர் அறிக்கையின் பயனாக, சிறிது காரியம் நடந்தது. 2022-ல் டண்டீ, கிளாஸ்கோ ஆகிய நகரங்களில் சில பெண்களே தங்கக்கூடிய சிறு இல்லங்கள் திறக்கப்பட்டன. அங்கே பெண்கள் தாங்களே சமைத்துக்கொள்கிறார்கள். வெளியுலக வாழ்வுக்குப் பழகுகிறார்கள். எலிஸபெத் பிரை இன்று வந்தால் அந்த வீடுகளைக் கண்டு மகிழ்வாள். பிரான்ஸ்பீல்டைக் கண்டு என்ன சொல்வாள் என்பதை நேயர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

வேலூர் வரையில்

இவையெல்லாம் எங்கோ தூரதேசத்துச் சங்கதிகள் என்று எண்ண வேண்டாம். மார்கரெட் கஸின்ஸ் என்ற ஐரிஷ் மாது 1910-ல் வோட்டுரிமைப் போரில் ஹாலோவே சிறையில் இருந்தவர். 1913-ல் அயர்லாந்தில் டல்லமோர் சிறையில் உண்ணாவிரதம் இருந்தவர். 1915-ல் இந்தியா வந்து, 1917-ல் அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் தோன்றக் காரணமாயிருந்தவர்களுள் ஒருவர். சென்னையில் மாஜிஸ்டிரேட்டாகவும் அமர்ந்தவர். 1932-ல் அடக்குமுறை அவசரச் சட்டங்களை எதிர்த்துப் பேசியதற்காக அதே சென்னையில் தண்டனை பெற்று, வேலூர்ச் சிறைக்குச் சென்றார். மூன்று நாட்டுச் சிறைகளை உள்ளிருந்து பார்த்தவர். நீதிபதியின் ஆசனத்திலிருந்தும் பார்த்தவர். இன்று நீதி சொல்பவர் நாளைக்குக் கைதியாகலாம் என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டுவதில்லை.

இனி, நம் மாணவியின் கேள்விக்கு வருவோம். அவள் எடுத்துக்காட்டிய பழமொழியை நாம் மறுக்கவில்லை. உப்பைத் தின்றவள் தண்ணீர் குடிக்கட்டும். ஆனால், வெளியிலிருப்பவளுக்குத் தாகம் எடுத்தால் அவளே எழுந்து சென்று குடத்திலிருந்து மொண்டு குடிப்பாள். சிறையிலிருப்பவளைச் சர்க்கார் பூட்டி வைத்திருக்கிறது. அவளுக்குத் தாகம் எடுத்தால் தண்ணீருக்குப் போக வழியில்லை; வலி எடுத்தால் வைத்தியரிடம் போக வழியில்லை; குழந்தை அழுதால் ஓடிப் போக வழியில்லை. சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டவர் யாரோ, அவரே தண்ணீருக்கும் மருந்துக்கும் பொறுப்பாளி. அந்தப் பொறுப்பைத்தான் மறுபக்கத்திலிருந்து பார்க்கும்போது 'கைதியின் உரிமை' என்கிறோம். சாவி சர்க்காருடையது; சர்க்கார் ஜனங்களுடையது. ஆகவே, ஜனநாயக நாட்டில் அந்தச் சாவியின் பாரம் ஒவ்வொரு பிரஜையின் இடுப்பிலும் இருக்கிறது.

அடுத்த வாரம் வகுப்பில் இதை அவளிடம் சொல்லப் போகிறோம். அவள் வேறொரு கேள்வி கேட்பாள் என்பது நிச்சயம். கேட்கட்டும். ஹோவர்டு கேட்ட கேள்வியால் நிரபராதிகளின் துயரம் வெளிப்பட்டது. கான்ஸ்டன்ஸ் லிட்டன் கேட்ட கேள்வியால் தையற்காரியின் அவமானம் வெளிப்பட்டது. பூட்டிய கதவுக்குப் பின்னே மணி அடித்தால் யாராவது எழுந்து செல்கிறார்களா என்று வெளியே இருப்பவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கவேண்டும்.